கொடுத்தாச்சு

வெள்ளை அங்கியின் பொத்தான்களை அண்ணன் மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். சமையலறைக் கதவில் சாய்ந்து தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டை ஏதாவது இருக்கா?"

"அப்பாவோடது இருக்கு. காலர் நைஞ்சிருக்கும்."

"பரவால்ல, குடு."

"ஏண்ணா, இதுக்கெல்லாம் அம்மா ஏமாறுமா?"

"ஏமாத்தல. கடைசியா ஒரு தடவ என்னை 'டா' போடுதான்னு பாக்கறேன்."

முதல் பிள்ளையைக் கடவுளுக்கென்று நேர்ந்துகொண்டவள் அம்மா. அவன் குருப்பட்டம் பெற்ற அன்று அவன்முன் மண்டியிட்டு ஆசீர் வாங்கினாள். எழுந்தவள், "சாப்பிட வாங்க ஃபாதர்" என்றாள். விளையாட்டு என்று எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் அவள் அவனை வேறு எப்படியும் அழைக்கவில்லை.

உள்ளறையில் ஆக்ஸிஜன் இயந்திரம் இரைந்தது. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

"உன்னை இன்னும் திட்டுதா?"

"காலைல கூட. தண்ணி சிந்திட்டேன். 'கழுதை, கண்ண எங்கடி வச்சிருக்க'ன்னுச்சு. மூச்சு வாங்குது, ஆனா திட்டு மட்டும் தெளிவா வருது."

"கொடுத்து வச்சவ."

"கொடுத்து வச்சது உன்னை. நான் மிச்சம்."

அவன் சட்டைக்குள் கையை நுழைத்தான். "அந்தக் காலத்துல தலைச்சன் எல்லாமே கடவுளுக்குத்தான். ஆடு, மாடு, பிள்ளை, எல்லாம். ஆனா கழுதைக்குட்டிக்கு ஒரு வழி இருந்துச்சு. பதிலுக்கு ஒரு ஆட்டுக்குட்டியக் குடுத்துட்டு மீட்டுக்கலாம்."

"பாத்தியா, கழுதைக்கு அப்பவே மவுசு."

"பிள்ளையையும் மீட்டுக்கணும்னுதான் பைபிள்ல இருக்கு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'குடுத்ததத் திருப்பிக் கேக்கறது அழகா ஃபாதர்'னு கேட்டுச்சு."

ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். தங்கை அதைச் சரிசெய்தாள்.

உள்ளறையில் அம்மாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டான்.

"அம்மா."

"யாரு?"

"நான்தாம்மா."

அவள் விரல்கள் அவன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தன. "யாருடி இது?"

"உன் பையன்மா," என்றாள் தங்கை.

அம்மா யோசித்தாள். "எனக்குப் பையன் இல்லயே." வீடு மாறி வந்துவிட்ட ஒருவரிடம் சொல்வதுபோல், பணிவாகத்தான் சொன்னாள். "அப்பவே குடுத்தாச்சு."

இயந்திரம் இரைந்தது.

"ஃபாதரக் கூப்பிடுடி. நேரமாச்சு."

"அம்மா, இது..."

அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தான். எழுந்து போய்ப் பையிலிருந்து ஊதாப் பட்டியையும் எண்ணெய்ச் சிமிழையும் எடுத்துவந்தான். அப்பாவின் சட்டைமேலேயே பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சாகக்கிடப்பவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கினான். அது பீடத்தில் பேசும் குரல்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா ஃபாதர்."

"வந்துட்டேன்."

நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினான். மாலை வேலைக்கு அன்றுதான் புதிதாக அமர்த்தியிருந்த நர்ஸ் அந்த நேரத்தில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலருகே கைகூப்பி நின்றாள்.

"நன்றிங்க ஃபாதர்," என்றாள் அம்மா. "மழை வரும்போல இருக்கு. பாத்துப் போங்க."

"சரிம்மா."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மூச்சு நீண்டது, இடைவெளி விட்டது, பின் வரவில்லை. நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். இத்தனை நாளும் அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் அம்மாவின் காலருகே நின்றான். எண்ணெய்ப் பிசுக்கோடு கைகள் அப்படியே தொங்கின.

நர்ஸ் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். "உடம்பு துடைச்சு உடுத்தணும். வீட்டு ஆளுங்க மட்டும் இருங்க." அவன் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னாள், "ஃபாதர், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் நகர்ந்துவிட்டான். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

"தாழ்ப்பாள் போட்டுடுங்கக்கா, காத்துக்குத் திறந்துக்கும்."

தங்கை கதவருகே போனாள். கைப்பிடியில் எண்ணெய் இருந்தது. இழுத்துப் பிடிக்க முடியாமல் கை வழுக்கியது.