இடம் வருதல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் அன்றைக்கு மெக்கானிக் தருமன் பட்டறையில் வந்தது நியாயமான கோபம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தொண்ணூற்றொன்பதில் எனக்கு ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. கிராம நர்ஸ் வேலை. ஆறு ஊர்களைப் பார்க்க வேண்டும், ஒன்றுக்கும் பஸ் கிடையாது, மண்பாதைதான். என் பழைய மொபெட் சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்கும். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஞாயிறு காலைதான் வண்டி பார்க்கப் போனோம்.

பட்டறையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் விற்கச் சொல்லி விட்டுப்போன புல்லட். இமயமலை வரை போய் வந்தது. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி, பானை மாதிரி பெட்ரோல் டேங்க். இன்னொன்று தருமனே மாற்றிக் கட்டியது. பழைய நூறு சிசி வண்டிக்குச் சைலன்சரை மேலே தூக்கி வைத்து, சேற்றைக் கவ்வுகிற முரட்டு டயர் போட்டிருந்தான். விலை புல்லட்டில் பாதிகூட இல்லை.

என் வீட்டுக்காரர் சகாதேவன் புல்லட்டை விட்டு நகரவில்லை. தாலுக்கா ஆபீசில் பதினைந்து வருஷமாக நாற்காலி தேய்க்கிற மனுஷன்.

"இதான் ஜோதி, மலைக்குன்னே செஞ்ச வண்டி. திங்கக்கெழம நானே கொண்டுபோய் உட்டுடறேன். சனிக்கெழம வந்து கூட்டியாந்துடறேன்."

"நடுவுல ஆறு ஊருக்கும் என்னை யாரு கொண்டுபோய் உடறது?"

"லீவு போடறேன்."

"வருஷம் பூராவுமா? உங்க ஆபீசர் என்ன, உங்க மாமனாரா?"

தருமன் நடுவில் புகுந்தான். "சண்ட எதுக்குங்கக்கா? ரெண்டையும் எடுத்துனு மலைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

எங்கள் ஊரில் வண்டிக்கு வேறு பரீட்சை கிடையாது. பிரேக் மாற்றினாலும் சரி, இன்ஜின் பிரித்தாலும் சரி, கிரிவலப் பாதையில் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றி, வழியில் அடி அண்ணாமலையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி பாஸ்.

சுற்றினோம். சுடிதார் போட்ட நர்ஸம்மா கியர் வண்டி ஓட்டுவதை டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. இரண்டு வண்டிகளும் ஒரு குறையுமில்லாமல் வந்தன. புல்லட்டில் வந்த சகாதேவன் முகத்தில் சாமி பார்த்த களை.

பட்டறை வாசலில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் சுற்றுவது என்றாலே வலம் வருவதுதான், இடம் வருவது என்று ஒரு பேச்சே கிடையாது. மலை வலக்கைப் பக்கம், வண்டியும் வழி முழுக்க வலப்பக்கமே வளைகிறது. ஜவ்வாது மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இடப்பக்கம் திரும்புமே?

"தருமா, எடப்பக்கமா ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்."

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஐயோ அக்கா, மலைய எடமா யாராச்சும் சுத்துவாங்களா?"

"மலைய உடு. என்னைச் சுத்தட்டும்."

பின்னால் இருந்த காலி மனையின் நடுவில் போய் நின்றேன். சகாதேவன் புல்லட்டில் என்னை இடமாகச் சுற்றினார். இறுக்கி வளைத்தபோது ஹேண்டில் எதிலோ இடித்துப் பாதியில் நின்றது. வண்டி சாய்ந்தது, அவரும் விழுந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. பெட்ரோல் கேன் மாட்டுவதற்காகத் தருமன் போன வாரம் பற்றவைத்த கம்பி குறுக்கே நின்றது. மலையைச் சுற்றிப் பார்த்து அவன் பாஸ் போட்ட கம்பி.

"கம்பிய அறுத்துட்டா சரியாப் போயிடுங்கக்கா."

"கம்பி கெடக்கட்டும். மொதல்ல வண்டியத் தூக்குங்க."

அவர் ஒருவரால் முடியவில்லை. தருமனும் கை கொடுத்த பிறகுதான் புல்லட் எழுந்தது. நான் சின்ன வண்டியை எடுத்து இடமாக இரண்டு சுற்று சுற்றி நிறுத்தினேன். பிறகு வேண்டுமென்றே தரையில் சாய்த்தேன். தருமன் அலறினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே நிமிர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, காட்டிக்கொள்ளவில்லை.

"காட்டுல நான் உழுந்தா யாரு வந்து தூக்குவாங்க? நீங்களா?" என்று கத்தினேன்.

அவர் முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னார்: "புல்லட்டுன்னா நான்தான் ஓட்டியாவணும் ஜோதி. இதுன்னா நீயே போயிடுவ."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான்.

"போவேன். சனிக்கெழம வந்துடுவேன்" என்றேன்.

திங்கட்கிழமை சின்ன வண்டியில் போனேன். வழியைப் பார்த்துவிட்டு, தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து பஸ்ஸில் திரும்புகிறேன் என்று அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். முதல் இடது வளைவில் என் தோளை நசுக்கிவிட்டார். அடுத்ததில் கொஞ்சம் கம்மி. நாலாவது வளைவில் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் நான்தான் சொன்னேன். "பரவால்ல, புடிச்சிக்கோங்க."