பல் டாக்டர் வீட்டுப் பாசி

"ராத்திரி பல் தேய்க்கிறீங்களா?" என்று பல் டாக்டர் வருகிறவர்களையெல்லாம் அதட்டுவார். அதட்டல் வாங்கியவர்கள் கதவு வழியாகக் காத்திருப்பு அறையைப் பார்ப்பார்கள். அங்கே உப்புத்தண்ணீர் மீன்தொட்டியின் கண்ணாடி முழுக்கப் பச்சைப்பாசி. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள் இருப்பதாகக் கேள்வி.

அந்த அறையில் மேஜை போட்டு டோக்கன் கொடுப்பவள் டாக்டரின் மனைவி.

"ஊரார் பல்லுக்கெல்லாம் காரை எடுக்கிறீங்க. இந்தக் கண்ணாடியைப் பார்த்தா எவன் உங்க முன்னாடி வாயைத் திறப்பான்? ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா தொட்டியை என் தம்பிக்குக் கொடுத்துடுவேன்."

மச்சான் கை பட்டால் கற்றாழையே காய்ந்துபோகும். டாக்டருக்கோ மீன்கள் மேல் உயிர்.

ஆகவே தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பற்காரை சுரண்டும் கருவியால் கண்ணாடியை மூலைமுடுக்கு விடாமல் சுரண்டினார். பழக்கதோஷத்தில் "கொஞ்சம் கூசும்" என்று மீன்களிடம் சொன்னார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. பாசி இரண்டே நாளில் திரும்பக் குடிவந்தது.

மீன் விற்ற கடைக்காரரிடம் போனில் புலம்பினார்.

"தீனி அதிகமாப் போடுறீங்க டாக்டர். மிச்சமெல்லாம் அழுகி பாசிக்குச் சாப்பாடாகுது."

"காலைல ஒரு சிட்டிகைதானே போடுறேன்!"

சொல்லிவிட்டுத் தீனி டப்பாவைத் திறந்து பார்த்தார். போன வாரம் பிரித்த டப்பாவில் அடி தெரிந்தது.

மறுநாள் கதவிடுக்கில் நின்று கவனித்தார். முகம் வெளிறி உட்கார்ந்திருந்த லாரி டிரைவரிடம் மனைவி டப்பாவை நீட்டினாள்.

"ஒரு சிட்டிகை போட்டுட்டு மேலேர்ந்து பாருங்கண்ணே. அதுங்க திங்கிறதைப் பார்த்தா பயம் போயிடும்."

அவர் போட்டார். பக்கத்திலிருந்த டீச்சர் இரண்டு சிட்டிகை போட்டார்.

டாக்டர் கையும் களவுமாகப் பிடித்தார். "இங்க வைத்தியம் பார்க்கிறது நானா, மீனா?"

"மீன்தான்," என்றாள் அவள். "முன்னெல்லாம் டோக்கன் கூப்பிட்டதும் பாதிப் பேர் ஓடிப்போவாங்க. இப்ப எவனாவது ஓடுறானா?"

டாக்டர் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கே மூன்று பேர் ஓடிப்போனார்கள். பாசி மட்டும் எங்கேயும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் இரண்டு வாளிகளோடு வந்துவிட்டான். மனைவி அவனைக் கவனிக்கவேயில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"அலமாரி சாவி எங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"கடைவாய்ப் பல்லு. ரொம்ப நாளா வலிக்குது. நீங்க டப்பாவைப் பூட்டுறவரைக்கும் நானும் தீனி போட்டுப் போட்டு ஓட்டிட்டேன்."

"வீட்டுலயே டாக்டரை வச்சுக்கிட்டு ஏன் சொல்லலை?"

"அந்தப் பல்லுக் குடையுற மிஷினைக் கையில எடுத்துட்டா நீங்க என் புருஷன் மாதிரியே இல்லைங்க. எனக்குப் பயமா இருக்கு."

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஊரே தன்னைக் கண்டு நடுங்குவதைக் கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்திருந்தவர் அவர். இவளும் அந்த வரிசையில் இருப்பாள் என்று நினைக்கவில்லை.

"மாமா, தண்ணியை இறைக்கட்டுமா?" என்றான் மச்சான்.

"வாளியை எடுத்துட்டு வீட்டுக்குப் போடா."

அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தார். அவள் முகத்துக்கு நேரே மட்டும் கண்ணாடியில் ஒரு தட்டகலம் பாசியைச் சுரண்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு சிட்டிகை போட்டாள். மீன்கள் மேலே வந்தன.

"வலிக்குமா?" என்றாள்.

வழக்கமாக எல்லாரிடமும் "வலிக்காது" என்பவர், "எனக்கும் பயமா இருக்கு" என்றார். அவரும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.