எந்தத் தூண்?

இதை எழுத உட்காரும்போதே ஒரு சந்தேகம். நான் நினைவில் வைத்திருப்பது நடந்ததைத்தானா, இல்லை பிறகு பலமுறை நினைத்து நினைத்து நானே சீராக்கிக்கொண்டதையா என்று தெரியவில்லை. பிழை திருத்துவது என் தொழில். பிறர் எழுதிய வரிகளை இருபது வருடமாக ஒழுங்குபடுத்திய கை, சொந்த நினைவை மட்டும் தொடாமல் விட்டிருக்குமா? அண்ணியைக் கேட்டால், "நான் அப்படிக் கேக்கவே இல்ல" என்று சாதிக்கிறாள். ஆனால் கேட்டாள். அந்த இரண்டு சொற்களில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

நானும் அண்ணியும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். மாடியில் என் அறை. ஒரு மேசை, ஒரு ஜன்னல், சிவப்புப் பென்சில்கள். கீழே இயந்திரக் கூடம். அண்ணி அங்கே நிறம் பார்ப்பவள். புதிய வேலை ஒன்று இயந்திரத்தில் ஏறியதும் முதலில் வரும் தாள்களை வெள்ளை விளக்குக்குக் கீழே சாய்வு மேசையில் விரித்து, மாதிரித் தாளோடு ஒப்பிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போடுவாள். அது விழுந்த பிறகுதான் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்.

இந்த வேலையைச் செய்கிற மற்றவர்கள் பூதக்கண்ணாடியோடு தாளை மூலை மூலையாகத் துழாவுவார்கள். அண்ணி அப்படியில்லை. இரண்டடி தள்ளி நிற்பாள். கையைக் கட்டிக்கொள்வாள். தாளின் நடுவில் பார்வையை நிறுத்தினால் கண்மணி அசையாது. ஐந்தாறு நொடி. "இடது மேல் மூலையில மஞ்சள் கம்மி" என்பாள். கம்மியாகத்தான் இருக்கும்.

"துழாவினா ஒவ்வொரு துண்டும் சரியாத்தான் தெரியும். மொத்தமாப் பார்த்தாதான் தப்பு தானா எந்திரிச்சு நிக்கும்" என்பது அவள் கட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைக் கேலி செய்தவர்களெல்லாம் நாளடைவில் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வருடம் ஒரு பதிப்பாளர், குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக் கட்டு ஒன்றையும், அதற்கு விளக்க நூலையும் அச்சிடக் கொடுத்தார். அதற்கு முன்னோட்டமாக, ஒரே ஒரு சீட்டை மட்டும் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக அச்சிட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது தலைமைப் பூசாரிணி என்ற சீட்டு. உள்ளுணர்வுக்கு உரியதாம். படத்தின் கீழே போட நாலு வரி விளக்கம் எழுதும் பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டினார்.

எனக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. இரண்டு தூண்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நடுவில் ஒரு பெண் சலனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மாதுளம்பழங்கள் தீட்டிய திரை. திரைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். மடியில் ஒரு சுருள். அதில் பாதி அவள் ஆடைக்குள் மறைந்திருக்கிறது. காலடியில் பிறை நிலா. தூண்கள் இரவும் பகலும் என்றது ஒரு புத்தகம். ஆம் என்பதும் இல்லை என்பதும் என்றது இன்னொன்று. அவள் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் இருப்பதால் மற்றவர்கள் காணாததைக் காண்கிறாள் என்பதில் எல்லாப் புத்தகங்களும் ஒத்துப்போயின.

எங்கள் வீட்டில், என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பார்கள். பேசாமலிருப்பதை ஒருவர் இவ்வளவு உயர்த்தி வைத்துப் படமாக வரைந்திருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்படி எழுதினேன்: "இவள் வந்தால், பேசாதே. காத்திரு. உனக்குள் இருப்பது தானே வெளிப்படும்."

அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கீழே இறங்கினேன். வழக்கமாக இயந்திரம் ஓட்டுபவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். அவரை எல்லோரும் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுவோம், அவரிடமிருந்து சத்தமே வராது என்பதால். அவருக்குப் பதிலாக வந்திருந்த ஆள் படத்தை ஓட்ட ஆரம்பித்திருந்தான்; விளக்க வரிகள் பிறகு தனியாக ஏறும். அண்ணி கையெழுத்துப் போட்ட தாள் மேசையில் கிடந்தது.

"அடடே, நாத்தனார் மாடி இறங்கி வந்திருக்காங்க. இன்னைக்கு மழைதான்."

"ஒரு சந்தேகம் அண்ணி. இந்தப் படத்தைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"உன்னை மாதிரியே இருக்கா. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்."

"கேலி அப்புறம் பண்ணலாம். என்னென்ன தெரியுதுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

அண்ணி இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டாள். "தலையில கிரீடம். மடியில சுருள், பாதியை ஒளிச்சு வெச்சிருக்கா, கள்ளி. காலடியில பிறை. பின்னாடி திரை, மாதுளம்பழம். அவ்வளவுதான்."

"தூணை விட்டுட்டீங்களே."

"எந்தத் தூண்?"

கேட்ட மறுகணமே தலையை இடப்பக்கம் திருப்பினாள், பிறகு வலப்பக்கம். "ஓ, இதுவா. தூணையெல்லாமா சொல்லணும்? கட்டடம்னா தூண் இருக்கத்தானே செய்யும்" என்று சிரித்தாள்.

நான் தாளைப் பார்த்தேன். கறுப்புத் தூணில் மை கட்டியாக அப்பி, செதுக்கு வேலை எல்லாம் மூழ்கிப் போயிருந்தது. வெள்ளைத் தூண் நீலம் பாரித்திருந்தது. இரண்டு ஓரங்களுக்கும் மை விடும் திருகுகளை அந்தப் புது ஆள் சரியாக மூடவில்லை. நடுவிலிருந்த பெண் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தாள். கீழே அண்ணியின் கையெழுத்து.

ஒன்றும் சொல்லாமல் மாடி ஏறினேன்.

அறைக்குள் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிறுதோறும் நான் போகும் அண்ணன் வீட்டில், சமையலறைக் கதவு நிலையில் அண்ணி தோளை இடித்துக்கொண்டது. "இந்த வீட்டுல கதவெல்லாம் சின்னதாயிட்டே வருது" என்று சொன்னது. மேசை ஓரத்துத் தம்ளரைத் தட்டிவிட்டது, ஒரே மாதத்தில் மூன்று முறை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினால் தூக்கிவாரிப்போட்டு, "பூனை மாதிரி வந்து உக்காராதடி" என்று திட்டியது. எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன். துண்டு துண்டாகப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு துண்டும் சரியாகத்தான் தெரிந்தது.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவளுடைய பெருமையே அந்தக் கண்தான். "உங்களுக்குக் கண் தெரியவில்லை" என்று எப்படி ஆரம்பிப்பது? காத்திருந்தால் தானே வெளிப்படும் என்று நான் எழுதிய வரியை நானே நம்பினேன். அந்த இரண்டு நாளும் என்னிடமிருந்தது நிதானம் என்று அப்போது நினைத்தேன். பயம்தான்.

மூன்றாம் நாள் காலை முதலாளி அச்சான தாள்களில் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார். அவர் குரல் மாடிவரை வந்தது. ஓடி இறங்கினேன். தரையெங்கும் பூசாரிணிகள் கிடந்தார்கள். விடுப்பு முடிந்து வந்திருந்த சத்தம் இயந்திரத்தின் அருகே நின்றுகொண்டிருந்தார்.

"இது யார் கையெழுத்து?" என்றார் முதலாளி.

"என்னோடதுதான் சார். பார்த்துத்தான் போட்டேன். சரியாத்தான் இருந்துச்சு."

"சரியாவா? இதுவா? உங்க கண்ணை நம்பித்தான் நான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கிறதில்ல!"

அண்ணி தாளைக் கையில் எடுத்தாள். இம்முறை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த நிறம் இறங்கியது.

அப்போதுதான் சத்தம் வாயைத் திறந்தார். "சார், ஆறு மாசமா ஓரத்தையெல்லாம் நான்தான் முதல்ல பார்த்துச் சரி பண்ணிட்டு அவங்ககிட்ட குடுக்கறேன்."

"என்னண்ணே சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

"ரெண்டு மூணு தடவை ஓரத்துல தப்பு இருந்துச்சு, நீங்க கவனிக்கல. அசதின்னு நினைச்சேன். என் தப்பை நீங்க எத்தனை தடவை யாருக்கும் தெரியாம திருத்தியிருக்கீங்க. அதான், நானும் சொல்லல."

கூடத்தில் யாரும் பேசவில்லை. மௌனம் எனக்குப் பழகிய இடம். ஆனால் அன்று அதற்குள் நிற்க முடியவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன், பையிலிருந்து இன்னொன்றையும். அண்ணியின் எதிரே போய் நின்றேன்.

"அண்ணி, என் மூக்கை மட்டும் பாருங்க. வேற எங்கேயும் பார்க்கக் கூடாது."

"இப்ப என்னடி விளையாட்டு?"

"பாருங்களேன். பென்சில் கண்ணுல பட்டதும் சொல்லுங்க."

இரண்டு கைகளையும் அகல விரித்து, பென்சில்களைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். அவள் என் மூக்கையே பார்த்தாள். கைகள் என் தோளுக்கு நேரே வந்தன. அவள் சொல்லவில்லை. பென்சில்கள் என் காதருகே வந்தபோதுதான், "ம், இப்ப" என்றாள். பிறகு என் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

"இவ்வளவு கிட்டவா?"

"ஆமா அண்ணி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள்."

அவள் என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "ஊமைக் கோட்டான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி மருத்துவமனை போய்ச் சேரும்வரை தளரவில்லை.

கண் மருத்துவர் இளவயதுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போயிருக்கிறது என்றார். வலிக்காதாம்.

"ஆனா இருட்டா ஒண்ணும் தெரியலையே டாக்டர்" என்றாள் அண்ணி.

"தெரியாதும்மா. பார்வை போன இடத்தை மூளையே சுத்தியிருக்கிறதை வெச்சு நிரப்பிக்கும். அதனால எதுவும் குறையாத மாதிரியே இருக்கும்."

"அதான் தூணிருந்த இடத்தையும் நிரப்பிக்கிச்சா? நல்ல மூளைதான். வீட்டு வேலைல இப்படி உதவி பண்ணினா தேவலை."

மருத்துவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "போனது திரும்பாது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா நடுப்பார்வையும் போயிருக்கும். இப்ப இருக்கிறதைக் காப்பாத்த முடியும்னு நினைக்கிறேன். ஒரு சின்ன அறுவை சிகிச்சை. அப்புறம் சொட்டு மருந்து, ஒரு வேளைகூட விடாம."

அண்ணன் வேலை உடையோடு வந்து சேர்ந்தான். பஸ் ஓட்டுகிறவன். நடைவழி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். "நாள் முழுக்க ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்துப் பார்த்து ஓட்டறேன். வீட்டுல பக்கத்துல இருக்கிறவளைப் பார்க்கல" என்றான். நான் முதன்முறையாக அவன் முதுகில் கை வைத்தேன். "நானும் அப்படித்தான்" என்றேன்.

நன்றி சொல்ல ஆள் தேடும்போதெல்லாம் எனக்குத் தவறு செய்தவர்கள்தான் கிடைக்கிறார்கள். திருகை மூடாத அந்தப் புது ஆளுக்கு நன்றி. அவன் ஒழுங்கானவனாக இருந்திருந்தால் அந்த ஆறு மாதமும் போயிருக்கும். சத்தம் விடுப்பு எடுத்ததற்கு நன்றி. அவருடைய அன்பு அண்ணியின் குறையை எவ்வளவு பத்திரமாக மறைத்து வைத்திருந்தது! ஆனால் கடைசியில் அதைப் போட்டு உடைத்தவரும் அவர்தான். அதற்கு நன்றி. பெரிய படத்துக்கு இந்தச் சீட்டைத் தேர்ந்தெடுத்த பதிப்பாளருக்கும். ஓரத்தில் ஒன்றுமில்லாத வேறு சீட்டாக இருந்திருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்?

சீட்டு ஆருடம் சொன்னது என்று நான் நம்பவில்லை. கண் ஏற்கெனவே கண்டுவிட்டதை மனம் ஒப்புக்கொள்ளும் நேரத்துக்குத்தான் உள்ளுணர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போலும். அந்தச் சுருளைப் பற்றி மட்டும் இன்னும் யோசிக்கிறேன். பாதியை அவள் மறைத்திருக்கிறாள் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. மீதிப் பாதியை வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

படம் மறுபடி அச்சேறியபோது என் விளக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். "இவள் வந்தால், உனக்குத் தெரிந்ததை இன்றே சொல்." பதிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை, மர்மம் குறைகிறதாம். ஆனாலும் போட்டார்.

அண்ணி நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். நடுப்பார்வை அப்படியே இருக்கிறது. ஓரம் வரவில்லை. இப்போது பூதக்கண்ணாடியோடு மூலை மூலையாகத் துழாவுகிறாள். "எலி பிடிக்கிற வேலையாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் சத்தமும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்பது முதலாளியின் புதிய விதி. சத்தம் இப்போது தப்பைக் கண்டால் கூடம் அதிரக் கூப்பிடுகிறார். ஆனாலும் பெயரை யாரும் மாற்றவில்லை. அந்தப் புது ஆள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டான். நன்றி சொல்லத் தேடிப் போனேன், என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். அண்ணன் நீண்ட தூர பஸ்ஸை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுவதை வாங்கிக்கொண்டான். மாலையில் அண்ணியை அவன்தான் அழைத்துப் போகிறான், அவள் இடப்பக்கமாக நடந்தபடி. பாழான தாள்கள் கழிவுக்குப் போயின. ஒன்று என் அறைக் கதவின் பின்னால் தொங்குகிறது. நான் தினமும் காலையில் அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு மருந்து போட்டாளா என்று கேட்கிறேன். போட்டுவிட்டதாகச் சொல்வாள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் பேசுகிறேன்.