நேராகப் பார்க்கும் படம்

ஸ்டூடியோக்காரருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். எப்பேர்ப்பட்ட குழந்தையையும் ஒரு நொடி கேமராவைப் பார்க்க வைத்துவிடுவார். அழுது ஊரைக் கூட்டுகிற குழந்தை, தூங்கி வழிகிற குழந்தை, அப்பாவின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்கிற குழந்தை, எதுவானாலும் சரி. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு சொடக்கு. குழந்தை நிமிர்ந்து பார்க்கும், படம் விழுந்துவிடும். "உங்க நாக்குக்குத் தனியாக் காசு கொடுக்கணுங்க" என்று பெற்றவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

அவருடைய ஒரே மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களே தவிர, அவள் திரும்பமாட்டாள். பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழற்றி, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். நின்றதும் மறுபடி சுழற்றுவாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவாள். ஐந்து வயது தாண்டியும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஆனால் ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருந்த அவள் படங்களைப் பார்க்கவேண்டுமே! அத்தனையிலும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். அதெல்லாம் அந்த 'டொக்' செய்த வேலை. மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து அவளை அதற்குப் பழக்கியிருந்தார். சத்தம் கேட்டால் நிமிர்வாள், சிரிப்பாள், அத்தோடு சரி. சொந்தக்காரர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கா குறை? நீங்களாக் கற்பனை பண்ணிக்கிறீங்க" என்பார்கள். அதைக் கேட்கும்போது அவருக்கு மனம் குளிர்ந்துபோகும். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பகலெல்லாம் அந்தப் பிள்ளையோடு மல்லுக்கு நிற்பவள்.

முந்தின வருட மழைக்காலத்தில் சிட்டு விடாமல் அழுதாள். வயிற்றுவலி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள், பசி என்று நினைத்துப் பால் கொடுத்தார்கள். கடைசியில் காதிலிருந்து சீழ் வழிந்து தலையணையை நனைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து மனைவிக்கு ஒரே ஒரு ஆசை.

"அவ பேசக்கூட வேணாங்க. எங்க வலிக்குதுன்னு கையக் காட்டினாப் போதும். அது போதும் எனக்கு."

அதைச் சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று இருந்தது. சின்னக் குழந்தைகளுக்கான அரசாங்கப் பயிற்சி மையம். பேச்சுக்கு ஒருவர், கைவேலைக்கு ஒருவர், தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர், எல்லாம் இலவசம். மேல்வீட்டுக்காரியின் தங்கை மகன் அங்கே போய்த்தான் தண்ணீர்க் குடத்தைக் கைகாட்டக் கற்றுக்கொண்டான். ஆனால் ஆறு வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். இடமோ குறைவு, கேட்பவர்களோ கூட்டம். பதிந்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, பரிசோதனைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. சிட்டுவுக்கு ஆறு முடிய இன்னும் கொஞ்ச மாதங்கள்தான் இருந்தன.

கிளம்பும்போதே மனைவி கண்டிப்பாகச் சொன்னாள். "ஏங்க, உள்ள வந்து வாயத் தொறக்காதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே பாக்கட்டும்."

"நான் எதுக்கு வாயத் தொறக்கப்போறேன்? மூலையில உக்காந்திருப்பேன், போதுமா?"

சொன்னபடியேதான் உட்கார்ந்தார். அறையில் ஒரு குட்டி மேசை, அதன்மேல் மரக்கட்டைகள், ஒரு பந்து, ஒரு கார். டாக்டரம்மா தரையில் சிட்டுவுக்கு எதிரே அமர்ந்தார். பெற்றவர்களின் நாற்காலிகள் டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால், சுவரோரம். தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஏதோ குழந்தை அலறியது.

சிட்டு நேராகக் காரிடம் போனாள். கவிழ்த்துப் போட்டாள். சுழற்றினாள்.

"சிட்டு," என்றார் டாக்டரம்மா. பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சிப் பெண் ஒருத்தி ஏதோ குறித்துக்கொண்டாள். சிட்டுவின் வாயோரம் எச்சில் வழிந்தது. காலையில் அம்மா பார்த்துப் பார்த்துப் பின்னிய சடை அவிழ்ந்து கிடந்தது.

ஸ்டூடியோக்காரரால் தாங்கமுடியவில்லை. ஊரான் பிள்ளையையே ஒரு படத்தில் கோணலாக விடாத மனிதர். தன் பிள்ளையை இரண்டு பேர் இப்படிக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பதை எப்படிச் சகிப்பார்? டாக்டரம்மா மூன்றாவது முறையாக "சிட்டு" என்றதும், ஸ்டூடியோக்காரரைக் கேட்காமலே அவர் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

'டொக்.'

சிட்டு நிமிர்ந்தாள். டாக்டரம்மாவின் தலைப்பக்கம் நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள்.

"அடடே! வாங்க வாங்க," என்று டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. பயிற்சிப் பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்புகளைப் பார்த்து ஸ்டூடியோக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா? டாக்டரம்மா கூப்பிடும்போதெல்லாம், விசிறிச் சத்தத்துக்கு அடியில், மெதுவாக ஒரு 'டொக்' போட்டுக்கொண்டே இருந்தார். மனைவி அவர் தொடையை அழுத்திப் பிடித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. குழந்தை பெயர் சொன்னால் திரும்புகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது, பாதிப்பு குறைவு. இடம் கேட்டுப் பலர் காத்திருப்பதால் இப்போதைக்கு வீட்டுப் பயிற்சி போதும். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம். ஒரு வருடம் கழித்தால் அந்த வாசலில் அவளுக்கு இடமே கிடையாது.

மனைவி கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கடைக்கு வர்றவங்கதான் அழகா இருக்கணும்னு காசு கொடுக்குறாங்க. நமக்கு என்னங்க? அவள உள்ளபடியே காட்டுறதுக்கு உங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருடங்களாக இருந்தது.

மறுநாளே மையத்துக்கு ஓடினார். டாக்டரம்மா வராந்தாவில் நின்றபடியே கேட்டார். 'டொக்' போட்டதை, சிட்டுவைப் பழக்கிய கதையை, ஸ்டூடியோக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரம்மா கெட்டவர் அல்ல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு ரொம்ப மோசம்னு கூட்டிச் சொல்ற அப்பா அம்மா தினமும் வர்றாங்க. நீங்க நல்லாக் காட்டிட்டு வந்து இப்ப அழறீங்க. நான் இதுல எத நம்புறது சொல்லுங்க?"

"நீங்க வீட்டுக்கு வந்து பாருங்கம்மா. ஒரு நாள் பாருங்க."

"வீட்டுக்கெல்லாம் வர எங்களுக்கு ஆளே இல்லைங்க. மறுபரிசோதனை கேட்டு எழுதிக் கொடுங்க. வரிசையில கடைசியிலதான் வைப்பாங்க. ஆறு முடியுறதுக்குள்ள முறை வந்துச்சுன்னா நானே பாக்குறேன். வரலைன்னா என் கையில எதுவும் இல்ல."

எழுதிக் கொடுக்கக் குழந்தையின் புதுப் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அன்று மாலை கடையை அடைத்துவிட்டுச் சிட்டுவை முக்காலியில் உட்கார வைத்தார். இந்தமுறை நாக்கை அசைக்கவில்லை. காத்திருந்தார். அவள் பக்கத்திலிருந்த ஸ்டூடியோ விளக்குக் கம்பத்தின் திருகாணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முகம் பக்கவாட்டில், சடை அவிழ்ந்து, வாய் லேசாகத் திறந்து. அப்படியே எடுத்தார். மகளை உள்ளபடி அவர் எடுத்த முதல் படம் அதுதான். மனைவி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இவதான்," என்றாள்.

மையத்து அலுவலகத்தில் இருந்தவர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார்.

"முகம் நேரா இருக்கணும் சார். கண்ணு ரெண்டும் தெரியணும். இத ஏத்துக்கமாட்டாங்க."

"சார், அவளுக்கு நேராப் பாக்க வராது. அதுக்காகத்தான் சார் இங்க வந்திருக்கேன்."

"அது எனக்குப் புரியுதுங்க. படம் நேரா இருந்தாத்தான் உள்ள போகும். இன்னைக்கே குடுத்தீங்கன்னா நாளைக்கு வர்றவங்களுக்கு முன்னாடியாச்சும் நிப்பீங்க."

திரும்பி வந்து விளக்கைப் போட்டார். மனைவி சிட்டுவின் சடையைப் பின்னி, வாயைத் துடைத்து, முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போட்டார்.

சிட்டு நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. எப்போதும்போல அவர் தலைக்கு மேலே, ஃபிளாஷ் மின்னுகிற இடத்தைத்தான் பார்த்தாள். பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். மின்னியதும் மறுபடி திருகாணிக்குத் திரும்பிவிட்டாள்.

படம் மிக நன்றாக வந்திருந்தது.