கப்பி முட்டிய கணக்கு

பதினோரு டாலர் நாற்பது சென்ட். லூனன்பர்க் துறையில் டைட்டஸ் கார்க்கம் கடையில் மாவுக்கும் வெல்லப்பாகுக்கும் நான் வைத்திருந்த பாக்கி அது. கருவாட்டுக் கப்பல்கள் வராத குளிர்காலம், சுமைக்கூலி இல்லை. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இனி மாவு கிடையாது என்றுவிட்டார். வீட்டில் ஆறு வாய்.

கெஞ்சத்தான் போனேன். கடையில் கால் வைக்க இடமில்லை.

"சாக்-அ-பிளாக்கா இருக்குதுங்களே," என்றேன். திணறத் திணற நிறைந்திருப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

கார்க்கம் அகராதி வைத்திருப்பவர். நான் நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவன்.

"அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு தெரியுமாய்யா, ஓபெட்? 'சோக்'னா தொண்டை அடைக்கிறது. தொண்டை வரைக்கும் திங்கிறதுலேருந்து வந்துச்சு. உன்ன மாதிரி ஆளைப் பாத்து வெச்சிருப்பாங்க."

"இல்லீங்க, கப்பல்லேருந்து. கயிறு ஓடுற ரெண்டு கப்பிக்கும் பிளாக்குன்னுதானே பேரு? அது ரெண்டும் முட்டிக்கிட்டா அதுக்கு மேல இழுக்க இடமில்ல. அதான்."

"நிரூபிச்சுட்டா உன் பாக்கி போச்சு. இல்லேன்னா ரெண்டு மடங்கு!"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்குக் கடை மாடிக்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்பு அடுப்பை ஏற்ற வேண்டியிருந்தது. மாடிக் கதவுக்கு மேலே உத்தரத்தில் ஒரு கப்பி, கீழே கொக்கியோடு இன்னொரு கப்பி. அடுப்பைச் சுற்றிக் கொக்கியில் மாட்டும் கட்டுக்கயிற்றை நான் குட்டையாகப் போட்டேன்.

"பூச்சு உரசும். நீளமா விடு," என்றார் கார்க்கம்.

"நீளமா விட்டா..."

"யோவ், அடுப்பு உன்னுதா என்னுதா?"

தாமே நீளமாகக் கட்டி, அடுப்பு சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நானும் என்னோடு சுமை தூக்கும் லெமுவேல் ஐசனாரும் கீழேயிருந்து இழுத்தோம். மாடிக் கதவுக்கு நாலடி கீழே அடுப்போடு அந்தரத்தில் நின்றுவிட்டார்.

"இழுங்கடா!"

"வரமாட்டேங்குதுங்க."

"ஏன்?"

"மேல பாருங்க."

அண்ணாந்தார். கப்பிகள் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. காற்று அவருடைய தொப்பியைக் கடலுக்குக் கொண்டுபோனது. கீழே துறையே கூடிவிட்டது.

"அதுக்கு என்னங்க பேரு?" என்றேன்.

"இறக்குய்யா மொதல்ல!"

"ஐயோ, கயிறு வழுக்குதே," என்றான் லெமுவேல். கயிற்றை எப்போதோ முளையில் சுற்றிக் கட்டிவிட்டிருந்தான்.

"சாக்-அ-பிளாக்! போதுமா?"

"தொண்டையா, கப்பியா?"

"கப்பிதான்யா! கப்பி, கப்பி!"

இறங்கியவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் பேரேட்டில் என் கணக்குக்குக் குறுக்கே கோடு இழுத்து, அடியில் ஒரு வரி எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, உரக்கப் படித்தேன்: "ஓபெட் நிக்கல். பாக்கி இல்லை."