ஒன்பது நாள் விட்ட மாத்திரை

இதயப் பிரிவின் வராந்தாவில் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கதவு வரை போவார், திரும்புவார். உள்ளே அவர் மனைவி.

முப்பத்தெட்டு வயது. அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்பவள். காலையில் தாள் மடித்துக்கொண்டிருந்தவள் தாடை வலிக்கிறது என்றாள். போன வாரம்தான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தே நிமிடத்தில் தோளும் வலித்து, முதுகு நனைய வியர்த்து, தாள் கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பழைய வியாதி ஒன்று உண்டு. காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பதுபோல, நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே அவள் ரத்தத்தை உறையவைத்தது. இரண்டு முறை கரு தங்காமல் போனதும், காலில் ரத்தக்கட்டி அடைத்ததும் அதனால்தான். உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்.

டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார். "ஹார்ட் அட்டாக்தான். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய விடாம சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறா டாக்டர்."

கதவு மூடிக்கொண்டது. மெக்கானிக் சொன்னது பொய். 'பல்லு பிடுங்குனா ரத்தம் நிக்காதுடி, கொஞ்ச நாள் நிறுத்து' என்று சொன்னதே அவர்தான். பல் டாக்டரிடம்கூடக் கேட்கவில்லை. பிறகு ஈறு கசிகிறதென்று இன்னும் சில நாள் தள்ளிப்போட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"டாக்டர், பொய் சொல்லிட்டேன். ஒன்பது நாளா சாப்பிடல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். "இப்பவாவது வாய் திறந்தீங்களே! நாங்க குடுக்கப்போற மருந்தோட அளவே இத வெச்சுத்தான். வெளிய இருங்க."

மறுபடியும் நடை. "சார், நீங்க நடக்குற நடைக்குத் தரை தேஞ்சிடும், உக்காருங்க" என்றார் செக்யூரிட்டி. உட்கார்ந்தார். நாற்காலி சுட்டதுபோல எழுந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார்.

"பொழைச்சுட்டாங்க. இதயக் குழாய்ல கொழுப்பு அடைப்பு எதுவும் இல்ல, வெறும் ரத்தக்கட்டி. கை வழியா குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துட்டோம். ஸ்டென்ட் வைக்கல. வெச்சா அதுலயே திரும்ப உறையலாம். இனிமே பழைய மாத்திரையோட ஆஸ்பிரினும் சேரும். மருந்து கூடுனா ரத்தம் வடியும், குறைஞ்சா உறையும். அடிக்கடி ரத்தம் டெஸ்ட் பண்ணணும். எங்களக் கேக்காம எதையும் நிறுத்தக் கூடாது, புரியுதா?"

தலையாட்டினார்.

உள்ளே அவள் வெளுத்துப்போய்க் கிடந்தாள்.

"எல்லாம் என்னாலதான்..."

"நீங்க சொன்னீங்க சரி, முழுங்காம இருந்தது யார் வாய்?" என்றாள் மெல்லிய குரலில். "அழாதீங்க. அந்த நர்ஸம்மா பாக்குறாங்க."

திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. நர்ஸ் ஊசியோடு வந்ததும், அது என்ன மருந்து என்று கேட்டார். கேட்டது போதாமல் இன்னொரு தரமும் கேட்டார்.