துத்திக்கு ஒரு வாக்கியம்

அகராதிக்காரருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. காலையில் மனைவி பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே சொன்னது காதைவிட்டுப் போகமாட்டேன் என்றது.

"சாயங்கால பஸ்ல அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க."

அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

அலுவலகத்தில் இன்னொரு தலைவலி. கதையிலோ கவிதையிலோ ஒரு வரியாவது வந்திராத சொல்லுக்கு அவர்கள் அகராதியில் இடமில்லை. துத்திக்கு அப்படி ஒரு வரி அகப்படவில்லை. மல்லிகைக்கும் தாமரைக்கும் வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவர்கள், சுவரோரம் தானாக முளைக்கிற செடியை எங்கே திரும்பிப் பார்த்தார்கள்?

"மூலத்துக்கு இலையை வதக்கிக் கட்டச் சொல்ற பாட்டு இருக்கு சார்," என்று சொல்லிப் பார்த்தார்.

"மருந்துச் சீட்டெல்லாம் இலக்கியம் இல்லைய்யா," என்றார் தலைவர். "இன்னிக்குள்ள கிடைக்கலேன்னா தூக்கிடு."

அகராதிக்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். தன்னைப் படுத்துவது சொல்லா, மனைவியா என்று அவருக்கே பிடிபடவில்லை.

தட்டச்சு அம்மாள் ஒரு வாரப் பத்திரிகையோடு வந்தார். "சார், இந்தக் கதையில துத்தி வருது. உங்க வீட்டம்மா எழுதினதுதானே? நீங்க படிக்கலையா?"

ஊரார் எழுதியதையெல்லாம் வரி விடாமல் படிக்கிற மனுஷன், மனைவியின் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது படித்தார்.

'துத்தி சாயங்காலம்தான் மலரும், இருட்டுவதற்குள் கூம்பிவிடும். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை.'

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். தலைவர் கூப்பிட்டது காதில் விழவில்லை.

வீட்டுப் பின்சுவரோரம், தினமும் பல் துலக்கும்போது வெறும் மொட்டாகவே பார்த்ததெல்லாம் மஞ்சளாக விரிந்திருந்தது. மனைவி கையில் பையோடு பின்வாசலுக்கு வந்தாள்.

"என்ன, இந்நேரத்துல?"

"பூ பாக்க வந்தேன்."

"அகராதிக்கா?"

"அதுக்கு எழுதிக் குடுத்தாச்சு. உன் வாக்கியம்தான்."

அவள் முகம் ஒரு கணம் என்னவோ செய்தது. "படிச்சீங்களா?"

"அது ஒண்ணுதான். மிச்சக் கதையெல்லாம் எங்க இருக்கு?"

"இந்தப் பையிலதான்," என்றாள். பையைக் கீழே வைத்துத் திறந்தாள். "பூ கூம்பினதும் கெளம்பிடுவேன். அதுக்குள்ள முடிஞ்சதைப் படிங்க."